ராணி எறும்பை எவ்வளவு தூரத்துக்கு விற்கலாம்?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 26. கோவையில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறேன். இரண்டு ஆண்டுகளாகப் பொழுதுபோக்காக எறும்பு வளர்க்கிறேன். மழைக்குப் பிறகு தெருவிளக்கடியில் பிடித்த கட்டெறும்பு ராணிகளில் மூன்று இப்போது குடும்பமாகிவிட்டன. ஒவ்வொன்றிலும் பத்து, பதினைந்து வேலைக்கார எறும்புகள் இருக்கின்றன. இன்னும் நான்கு ராணிகள் முட்டையோடு நிற்கின்றன. இவை தவிர, திண்டுக்கல் பக்கம் மாமாவின் தோட்டத்தில் ஒரு கல்லுக்கடியிலிருந்து மஞ்சள் எறும்புக் கூட்டம் ஒன்றை அள்ளி வந்தேன். மெலிந்த உடம்பு, நீண்ட கால், தலைதெறிக்க ஓடும். அதில் ராணிகளே ஏழெட்டு இருக்கும். எதைப் போட்டாலும் தின்கிறது, மளமளவென்று பெருகுகிறது. படம் போட்டதிலிருந்து புனே, கொல்கத்தா என்று பல ஊர்க்காரர்கள் விலைக்குக் கேட்கிறார்கள்; மஞ்சள் எறும்புக்குத்தான் கிராக்கி அதிகம். கூரியரில் அனுப்பலாமா? ஐரோப்பாவிலிருந்து ஒருவர் ஆப்பிரிக்க அறுவடை எறும்பின் ராணியை ‘விளையாட்டுப் பொருள்’ என்று எழுதி அனுப்பித் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? அம்மா ‘உயிரை விற்றுக் காசு பார்க்காதே’ என்கிறார். சட்டப்படி இது சரிதானா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்த மஞ்சள் எறும்புப் பெட்டியின் மூடியை இறுக்கி மூடிவிட்டு வந்து இதைப் படியுங்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் எனக்குக் கவலை தருகின்றன. மஞ்சள் நிறம், மெலிந்த உடல், நீண்ட கால், திசையில்லாத ஓட்டம், ஒரே கூட்டத்தில் பல ராணிகள், எதையும் தின்னும் வயிறு, வேகமான பெருக்கம். இத்தனையும் ஒன்றாகப் பொருந்தும் எறும்பு ஒன்று உண்டு. நாளிதழ்களில் ‘மஞ்சள் பைத்திய எறும்பு’ என்று அடிபட்டதே, அது. அறிவியல் பெயர் அனோப்லோலெபிஸ் கிராசிலிப்ஸ். நேரில் பார்க்காமல் நான் தீர்ப்பு எழுத முடியாது; நீங்களே பார்த்துச் சொல்லிவிடலாம். செத்த எறும்பு ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்து, நல்ல லென்ஸ் ஒன்றால் உணர்கொம்பைப் பாருங்கள். தலையிலிருந்து முழங்கை மடங்குவது வரையுள்ள முதல் கணு, தலையின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் இருக்கிறதா? அந்தக் கணுவையும் சேர்த்து எண்ணினால் மொத்தம் 11 வருகிறதா? கட்டெறும்பு இனத்திலும் மஞ்சள் நிறத்தவை உண்டு. அவற்றுக்கு 12 கணுக்கள். மாமரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறுக்கும் 12 தான், தவிர அது கல்லுக்கடியில் குடியிருக்காது. இன்னொரு அடையாளம் கண்ணுக்கே தெரியும். கட்டெறும்புக் கூட்டம் வளர வளரச் சிறிசும் பெரிசுமாக வேலைக்காரர்கள் இருப்பார்கள்; மஞ்சள் பைத்திய எறும்பில் எல்லாமே ஒரே அளவு, ஐந்து மில்லிமீட்டருக்குள்.

11 என்று வந்துவிட்டால் பெட்டியோடு அப்படியே ஃபிரீசரில் இரண்டு நாள் வைத்துவிடுங்கள். கொல்லைப்புறத்தில் கொட்டாதீர்கள், மாமாவின் தோட்டத்துக்கே திருப்பி எடுத்துப் போகிறேன் என்று பஸ் ஏறாதீர்கள். குளிரில் அவை முதலில் மந்தமாகிப் பிறகு சாகும். வேறு எந்த வழியையும்விட அது சிரமமில்லாத சாவு. உங்கள் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கடுமை? 2022-இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் இந்த எறும்பு செய்த அட்டகாசம் உங்களுக்கு நினைவிருக்கலாம். இதற்குக் கொடுக்கு கிடையாது. ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். ஆடு மாடுகளின் கண்களைக் குறிவைக்கிறது, காட்டோரம் நிம்மதியாகக் கால்நடை மேய்க்க முடியவில்லை என்று கிராமத்து மக்கள் முறையிட்டார்கள். இந்தியப் பெருங்கடலில் கிறிஸ்துமஸ் தீவு என்று ஒன்று இருக்கிறது, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது, செந்நண்டுகளுக்குப் பேர்போனது. அங்கே மனிதர்களின் சரக்கோடு போய்ச் சேர்ந்த இதே எறும்பு ஒரு கோடிக்கும் மேற்பட்ட நண்டுகளைக் கொன்றிருக்கிறது. காட்டுத் தரையில் விழும் இலையையும் முளையையும் தின்று அந்தத் தரையைப் பெருக்கி வைத்திருந்தவை நண்டுகள். அவை போன இடங்களில் காட்டின் முகமே மாறிப்போயிற்று. எறும்புக்குத் தேன்பால் சுரந்து கொடுக்கும் செதில் பூச்சியை ஒடுக்குவதற்காக, 2016-இல் மலேசியாவிலிருந்து ஒரு நுண்குளவியைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று.

இதில் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி, இந்த எறும்பு பரவுகிற முறை. கட்டெறும்பு ராணி தனியாகப் பறந்து, தனியாகக் குழி தோண்டி, தனியாகப் பிள்ளை வளர்க்க வேண்டும். பறவையும் பல்லியும் தவளையும் தின்றது போக நூற்றில் ஒன்று தேறினால் பெரிது. மஞ்சள் பைத்திய எறும்புக்கு அந்தக் கஷ்டமே இல்லை. ஒரு ராணி சில வேலைக்காரர்களோடு நடந்துபோய்ப் பக்கத்துப் பூந்தொட்டியில் குடியேறிவிடும். பக்கத்துக் கூடும் தாய்க் கூடும் சண்டை போட்டுக்கொள்ளாது. சேர்ந்து ஒரே பேரரசாக விரியும். ஆகவே உங்கள் பெட்டியிலிருந்து ஒரு ராணியும் நாலைந்து எறும்பும் தப்பினாலே புதிய ஊர் ஒன்று அதற்குக் கிடைத்த மாதிரி. திண்டுக்கல்லிலிருந்து கோவைக்கு அதை நீங்கள் ஏற்கெனவே கொண்டுவந்துவிட்டீர்கள். புனேவுக்கும் கொல்கத்தாவுக்கும் அனுப்பும் வேலை ஒன்றுதான் பாக்கி.

கிராக்கி அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அது தற்செயல் இல்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், உலகெங்கும் இணையத்தில் விற்பனையாகும் எறும்பினங்கள் 500-க்கும் மேல் என்று கண்டார்கள். அவற்றில் ஊரைக் கெடுப்பவை என்று ஏற்கெனவே பெயரெடுத்த இனங்கள் கணிசமாக இருந்தன. யோசித்தால் வியப்பில்லை. எதைப் போட்டாலும் தின்னும், எந்த வெப்பத்தையும் தாங்கும், சீக்கிரம் பெருகும், அத்தனை சுலபத்தில் சாகாது என்று எந்தெந்தக் குணத்தைச் சொல்லி விற்பனையாளர் ‘புதியவர்களுக்கு ஏற்றது’ என்று விளம்பரம் செய்கிறாரோ, அதே குணங்கள்தான் அந்நிய மண்ணில் ஓர் எறும்பைக் கொள்ளைக்காரனாக்குகின்றன. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர்கள் தொகுத்த பட்டியலில் எறும்புகள் மட்டும் ஐந்து. தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி 1930-களில் அமெரிக்காவின் மொபைல் துறைமுகத்தில் இறங்கிய நெருப்பெறும்பு அதில் ஒன்று. 2001-இல் அது பிரிஸ்பேனில் கண்டுபிடிக்கப்பட்டது; 2023-இல் சிசிலித் தீவில் அது குடியேறியிருப்பது வெளியே வந்தது. ஆஸ்திரேலியா இன்றுவரை அதன் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி அந்த ஐரோப்பிய நண்பரின் பார்சல். ‘விளையாட்டுப் பொருள்’ என்று எழுதி அனுப்புகிறவர் நண்பரே அல்ல. அகப்பட்டால் அவர் பெயர் அங்கே, உங்கள் முகவரி இங்கே. உயிருள்ள பூச்சியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்கீழ் முன் அனுமதி வேண்டும். பொழுதுபோக்குக்காக ஒருவருக்கு அது கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பொருளை மறைத்து எழுதியது 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி தனிக் குற்றம். சர்வதேச அஞ்சல் விதிகளில் உயிரினங்களுக்குப் பொதுவாகத் தடை. தேனீ, அட்டை, பட்டுப்புழு போன்ற ஒரு சிலவற்றுக்குத்தான் விலக்கு. அட்டைக்கு உள்ள சலுகை எறும்புக்கு இல்லை என்பது எனக்கே கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அவர் சொல்லும் ஆப்பிரிக்க அறுவடை எறும்பு பெரும்பாலும் மெசோர் செபலோடெஸ் என்ற கிழக்காப்பிரிக்க இனமாக இருக்கும். செம்பும் கறுப்புமாக, ராணி இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக, பார்க்க ராஜகம்பீரமாக இருக்கும். ஐரோப்பியச் சந்தையில் ஒரு ராணி நூறு பவுண்டுக்கு மேல் போகிறது. அதன் விலை கென்யாவில் என்ன என்பதை 2025-இல் உலகமே பார்த்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் நைவாஷா ஊரில் ஒரு விடுதியில் தங்கியிருந்த பெல்ஜிய இளைஞர்கள் இருவர் பிடிபட்டார்கள். பதின்ம வயது இன்னும் முடியாதவர்கள். கையில் சுமார் 5,000 ராணி எறும்புகள். 2,244 குழாய்களில் பஞ்சு வைத்து, மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்படி அடைத்து வைத்திருந்தார்கள். உங்கள் மேசையில் இருக்கிறதே, அதே போன்ற குழாய்தான். பொழுதுபோக்குக்காகச் சேகரித்தோம், சட்டவிரோதம் என்று தெரியாது என்றார்கள். இதே எறும்போடு தனியாகப் பிடிபட்ட வியட்நாம்காரர் ஒருவரும் கென்யர் ஒருவரும் அதே நீதிமன்றத்தில் நின்றார்கள். மே 7 அன்று தீர்ப்பு வந்தது: நான்கு பேருக்கும் தலைக்கு 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், கட்டத் தவறினால் 12 மாதச் சிறை. யானைத் தந்தத்தையும் காண்டாமிருகக் கொம்பையும் துரத்திக்கொண்டிருந்த கென்ய வனவுயிர்த் துறை, இதை உயிர்வளக் கொள்ளை என்றே பெயர் சொல்லி வழக்கு நடத்தியது.

5,000 ராணி என்பதை 5,000 பூச்சி என்று எண்ணிவிடாதீர்கள். விதையைப் புற்றுக்குச் சுமந்து, வழியில் சிந்தி, புல்வெளியை விதைத்துக்கொண்டே போகிற எறும்பு அது. ஒவ்வொரு ராணியும் ஒரு புற்று. அதுவும் பல ஆண்டுகள் நிற்கக்கூடிய புற்று. தேவை என்று ஒன்று இருப்பதால்தான் அந்தக் குழாய்கள் நிறைகின்றன. நீங்கள் வாங்கப்போகும் ஒன்று அந்தத் தேவையில் சேர்த்தி. வேண்டாம்.

இப்போது உங்கள் கட்டெறும்புகளுக்கு வருகிறேன். இங்கே நான் உங்கள் பக்கம். தெருவிளக்கடியில் விடிந்தால் காக்கைக்கும் மைனாவுக்கும் இரையாகப்போகிற ராணிகளில் ஏழெட்டை எடுத்து வளர்ப்பதால் எறும்பினத்துக்கு எந்த நட்டமும் இல்லை. அப்படி வளர்த்த கூட்டத்தை இன்னொருவருக்குக் கொடுப்பதிலும், குழாய்க்கும் உழைப்புக்கும் ஒரு தொகை வாங்கிக்கொள்வதிலும் நான் பாவம் எதையும் காணவில்லை. ஒடிசாவின் மயூர்பஞ்சில் முசுறைச் சந்தையில் வைத்து விற்கிறார்கள், அரைத்துச் சட்னி செய்து சாப்பிடுகிறார்கள். 2024-இல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. அம்மாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வி காசைப் பற்றியதாக இருப்பதைவிட, வாங்கிப் போகிறவர் கையில் அது எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பதைப் பற்றியதாக இருந்தால் நல்லது.

எவ்வளவு தூரத்துக்கு விற்கலாம் என்றால், என் கணக்கு இது: சைக்கிளில் போய் நேரில் கொடுத்துவிட்டு வர முடிகிற தூரம். கோவைக்குள்ளும் சுற்றுவட்டாரத்திலும் கொடுங்கள். கட்டெறும்பு நாடெங்கும் இருக்கிறதே, புனேவுக்கு அனுப்பினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பீர்கள். நாம் கட்டெறும்பு என்று ஒரே பெயரில் அழைப்பவை பல இனங்கள். இந்தியாவில் 800-க்கும் மேற்பட்ட எறும்பு வகைகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பலவற்றைப் பிரித்தறிய நுண்ணோக்கியும் பல வருடப் பழக்கமும் வேண்டும். குழாய்க்குள் எறும்பு மட்டும் போவதில்லை. அதன் மேல் ஒட்டியிருக்கும் உண்ணியும் பூஞ்சையும் கூடவே போகும். வாங்கியவர் அலுத்துப்போய் ஒரு நாள் மாடித் தோட்டத்தில் கொட்டிவிடுவார். ராணி பறந்து போயிருக்கக்கூடிய நிலத்துக்குள்ளேயே கூட்டம் இருக்குமானால் இந்தக் கவலைகளில் பெரும்பாலானவை எழவே எழாது. எறும்பு வளர்ப்பு பழைய வழக்கமாகிவிட்ட அமெரிக்காவிலேயே, உயிருள்ள எறும்பு மாநில எல்லையைத் தாண்ட வேளாண் துறையின் அனுமதி வேண்டும். 1956-இல் மில்டன் லெவின் என்பவர் அங்கே அறிமுகப்படுத்திய பிளாஸ்டிக் எறும்புப் பண்ணை கோடிக்கணக்கில் விற்றது. அதற்குத் தபாலில் வந்த எறும்புகளில் ராணி கிடையாது. வேலைக்கார எறும்புகள் சில மாதம் சுரங்கம் தோண்டிவிட்டுச் செத்துப்போகும். குழந்தைகளுக்கு அது ஏமாற்றம்தான். தெரியாத ஊரில் ஒரு புதுக் கூட்டம் வேரூன்றவில்லை என்ற அளவில் அது நல்லது.

கூரியரைப் பற்றிக் கேட்டீர்கள். தனியார் கூரியர் நிறுவனங்களில் பெரும்பாலானவை உயிரினங்களை ஏற்பதில்லை. உள்ளே இருப்பதை மறைத்துத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். மே மாத வெயிலில் ஒரு வேன் மதியம் முழுவதும் நின்றால் குழாய்க்குள் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, தெரிந்துகொள்ள வேண்டியதை மட்டும் சொல்கிறேன். சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றிலிருந்து அனுமதியின்றி ஓர் எறும்பைக்கூட எடுக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அங்கே முழு வீச்சில் இருக்கிறது. காப்புக்காடு பக்கமும் போகாதீர்கள். 2008-இல் டார்ஜிலிங் அருகே சிங்கலிலா தேசியப் பூங்காவில் அனுமதியில்லாமல் வண்டுகளும் பூச்சிகளும் சேகரித்த செக் நாட்டவர் இருவர் கைதாகித் தண்டனை பெற்றார்கள். அவர்களில் ஒருவர் பூச்சியியல் அறிஞர். வெளிநாட்டவருக்கோ வெளிநாட்டில் குடியிருப்பவருக்கோ இந்திய உயிர்வளத்தை ஆய்வுக்கும் வணிகத்துக்கும் கொடுப்பது 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்கீழ் வரும். தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் அது நடக்கக் கூடாது. ஆணையத்தின் தலைமையகம் நம் சென்னைத் தரமணியிலேயே இருக்கிறது. 2023-இல் சட்டத்தைத் திருத்தியபோது சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, ஒரு லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று வைத்தார்கள். ஆகவே ஜெர்மனியிலிருந்து யாராவது கேட்டால் பதிலே போடாதீர்கள். உள்ளூரில் நாலு பேருக்குக் கொடுப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இதைத் தொழிலாக, மாதாமாதம் விற்பனையாக ஆக்கும் எண்ணம் இருந்தால் மாநில உயிரியல் பன்முகத்தன்மை வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதி, எழுத்துப்பூர்வமாகப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எறும்பா என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உங்கள் கையில் காகிதம் இருக்கும்.

அடுத்து, என்ன விற்கிறோம் என்பது. ராணியின் உடம்பு ஒன்றைத்தான் வாங்குபவர் உண்மையில் வாங்குகிறார். மற்ற எறும்புகள் சில மாதமோ ஓரிரு ஆண்டோ இருந்து சாகும். அவற்றை ஈடுகட்டுவது ராணி இடும் முட்டை. அவள் வாழ்நாளில் கூடுவது ஒரே பருவத்தில், பறக்கும்போது. அன்று வாங்கிய விந்தை வயிற்றுக்குள் ஒரு சிறு பையில் வைத்துக்கொண்டு ஆயுள் முழுவதும் செலவு செய்கிறாள். ஆண் அன்றே, அல்லது மறுநாள் செத்துவிடுவான். ஐரோப்பாவின் கருந்தோட்ட எறும்பு ராணி ஒன்று ஆய்வகத்தில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. கட்டெறும்பு ராணி அத்தனை காலம் இல்லாவிட்டாலும் பல ஆண்டுகள் இருப்பாள். வாங்குபவரிடம் இதை முதலிலேயே சொல்லுங்கள். அடுத்த வருடம் பெங்களூருக்கு மாற்றலாகிப் போகிறவர் பாதிப் பேர் அப்போதே விலகிக்கொள்வார்கள்.

முட்டையோடு நிற்கும் நான்கு ராணிகளை இப்போது விற்காதீர்கள். இந்தச் சந்தையில் ஏமாற்றம் தொடங்குவதே இங்கேதான். இறக்கை உதிர்ந்துவிட்டது, முட்டை இட்டுவிட்டது, ஆகவே கருவுற்ற ராணி என்று சொல்லி விற்பார்கள். கூடாத ராணியும் இறக்கையை உதிர்ப்பாள், கூடாத ராணியும் முட்டை இடுவாள். எறும்பில் கருவுறாத முட்டையிலிருந்து பொதுவாக ஆண் மட்டுமே வரும்; ஆண்கள் ஒரு துரும்பையும் எடுத்துப் போட மாட்டார்கள். வாங்கியவர் மாதக்கணக்கில் காத்திருந்து கடைசியில் இறக்கை முளைத்த நாலு சோம்பேறிகளைப் பார்ப்பார். கட்டெறும்பில் முட்டை வேலைக்கார எறும்பாக வெளிவர நம் ஊர் வெப்பத்தில் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை ராணி ஒன்றும் சாப்பிடுவதில்லை. பறப்பதற்கு உதவிய நெஞ்சுத் தசையைக் கரைத்தே முதல் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறாள். அந்த முதல் பிள்ளைகள் வெளிவந்த பிறகு விற்றால் உங்கள் பேச்சுக்குச் சாட்சி குழாய்க்குள்ளேயே இருக்கும்.

அந்தச் சாட்சியிலும் பொய்ச்சாட்சி உண்டு. வேறு கூட்டின் கூட்டுப்புழுக்களைத் திருடி ராணியின் குழாய்க்குள் போட்டு, வெளிவந்தவற்றை அவள் பிள்ளைகளாகக் காட்டுவது இந்தப் பொழுதுபோக்கில் பழைய தந்திரம். கண்டுபிடிக்க வழி உண்டு. தனியாகக் குடும்பம் தொடங்கிய கட்டெறும்பு ராணியின் முதல் பிள்ளைகள் நோஞ்சானாக, வழக்கமான வேலைக்காரரில் பாதியளவாக, ஒரே மாதிரி இருக்கும். தாய்க்குக் கையிருப்பு அவ்வளவுதான். பத்தே எறும்பு உள்ள குழாயில் பெருந்தலை எறும்பு ஒன்று நடமாடினால் அது அந்தத் தாயின் பிள்ளை இல்லை. உங்கள் மூன்று கூட்டங்களின் படத்தையும் இந்தக் கண்ணோடு பார்ப்பவர்கள் இருப்பார்கள், தெளிவாகப் படம் எடுங்கள். ராணியின் நெஞ்சின் இரு பக்கமும் இறக்கை ஒடிந்த கருந்தழும்பு தெரிய வேண்டும், வயிற்றின் பட்டைகளுக்கு நடுவே வெளிறிய தோல் விரிந்து தெரிய வேண்டும். நன்றாகத் தின்னும் ராணிக்கு அது விரிந்திருக்கும்.

மண்ணைத் தோண்டி எடுத்த கூட்டம் என்று யாராவது சொன்னால் வாங்கவும் வேண்டாம், நீங்களும் அப்படி எடுக்க வேண்டாம். கடப்பாரைக்கு ராணி அகப்படுவதில்லை. பாதிக் கூடு நசுங்கி, ராணியில்லாத ஒரு கைப்பிடி எறும்புதான் மிஞ்சும். முசுறுக் கூடு விற்பவர்கள் செய்வதும் இதுதான். ஒரு முசுறுக் கூட்டம் பல மரங்களில் எத்தனையோ இலைக்கூடுகளாகப் பரவியிருக்கும், ராணி அவற்றில் ஒன்றுக்குள் இருப்பாள். எட்டின கிளையை வெட்டிப் பையில் போட்டுத் தருபவர் உங்களிடம் விற்பது, சில வாரங்களில் அடங்கிப்போகும் ஓர் இலைச்சுருள். ராணியே இல்லாத எறும்பும் உண்டு, அது வேறு கதை. டயகாமா என்ற நம் நாட்டுக் கறுப்பு எறும்பில் வேலைக்காரிகளில் ஒருத்தி கூடி முட்டையிடுவாள். பிறக்கும்போது எல்லாருக்கும் நெஞ்சில் இருக்கும் ஒரு ஜோடிச் சிறு மொட்டை, மற்றவர்களிடமிருந்து கடித்துப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதை மட்டும் வைத்துக்கொள்வாள். அதை ‘ராணி’ என்று விளம்பரம் செய்கிற விற்பனையாளருக்கு இனமே தெரியாது என்று அர்த்தம். இறக்கை உதிர்ந்த ஈசலை எறும்பு ராணி என்று விற்றவர்களும் இருக்கிறார்கள். இடுப்பு ஒடுங்காமல், உணர்கொம்பு மடங்காமல் மணிமாலை போல் நேராக இருந்தால் அது கறையான்.

கொடுக்கும் நாளில் கவனிக்க வேண்டியது தண்ணீரும் பஞ்சும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் நிரப்பிப் பஞ்சால் அடைத்த புதுக் குழாய்க்குக் கூட்டத்தை ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். பழைய குழாயை வெளிச்சத்தில் விட்டுவிட்டுப் புதியதை மட்டும் கறுப்புத் தாளால் மூடினால் அவையாகவே புழுவையும் முட்டையையும் தூக்கிக்கொண்டு குடிபெயரும், கொட்டிக் கவிழ்க்காதீர்கள். தண்ணீர்ப் பக்கத்துப் பஞ்சு தளர்வாக இருந்தால் வண்டி குலுங்கும்போது தண்ணீர் பெருகி, புழுக்கள் அடியோடு மூழ்கும். இறுக்கி அடைத்தால் ஈரம் கசியாமல் கூட்டம் வறண்டுபோகும். விரல் நுனியால் உட்புறப் பஞ்சைத் தொட்டால் ஈரம் ஒட்ட வேண்டும், சொட்டக் கூடாது. குழாயைப் படுக்கை வசமாக, துணி சுற்றித் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, காலையிலோ மாலையிலோ எடுத்துப் போங்கள். வாங்குபவர் வீட்டில் எறும்புச் சாக்பீஸ் போடும் வழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தத் தூள் பட்ட விரலால் குழாயைத் தொட்டாலே போதும், கூட்டம் காலி. முதல் மாதம் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டும் கொன்ற கொசுவோ கரப்பான் காலோ வாரம் இருமுறையும் கொடுத்தால் நிறைவாகும். தினமும் திறந்து பார்க்கிறவர் கையில் ராணி தன் முட்டைகளைத் தானே தின்றுவிடுவாள் என்பதையும் சொல்லிவிடுங்கள்; இதை எவரும் முதலில் நம்புவதில்லை.

விலையை நான் சொல்லப்போவதில்லை. எறும்பின் தலையை எண்ணி விலை வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன். எண்ணிக்கைக்கு விலை என்றால் கூட்டுப்புழு திருடும் ஆசை யாருக்கும் வரும். இரண்டு மாதத்துக்குள் ராணி செத்தால் இன்னொன்று தருகிறேன் என்று வாக்குக் கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள். முடியாதென்றால் அந்தக் கூட்டம் விற்பனைக்கு இன்னும் தயாராகவில்லை.

மூன்று கூட்டத்தில் ஒன்றை மகளின் பள்ளிக்கு வாங்க உள்ளூர் ஆசிரியை ஒருவர் கேட்டதாகக் கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தீர்கள். அவருக்குக் காசு வாங்காமலே கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன், மே மாத விடுமுறையில் பஞ்சுக்கு யார் தண்ணீர் மாற்றுவார்கள் என்று பெயரோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.